ஒரே இலை, பல சட்டங்கள்: இந்தியாவில் புகையிலைக் கட்டுப்பாட்டின் சட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் 1975, 2003 ஆகிய இரு ஆண்டுகளின் சட்டங்களை மையமாகக் கொண்டே எழுதப்படுகின்றது. எனினும் சிகரெட், பீடி, குட்கா, பற்பொடி எனப் பல வடிவங்களில் மக்களைச் சென்றடையும் புகையிலையை இந்தியச் சட்டம் நெடுங்காலம் ஒரே பொருளாகக் கருதவில்லை. சிகரெட்டை வணிகச் சரக்காகவும், பீடியைத் தொழிலாளர் வாழ்வாதாரமாகவும், குட்காவை உணவுப் பொருளாகவும் அது வெவ்வேறாக வகைப்படுத்தியது. இவ்வகைப்பாடு ஒவ்வொரு பொருளின் மீதான கட்டுப்பாட்டின் தன்மையையும் எல்லையையும் எவ்வாறு தீர்மானித்தது என்பதையும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரும் அது எவ்வாறு தொடர்கின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: புகையிலைக் கட்டுப்பாடு, பீடித் தொழிலாளர், குட்கா தடை, படவழி எச்சரிக்கை, உணவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுநலம்.

முன்னுரை

போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்த புகையிலை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அவையை எட்டியது. அதன் பயன்பாட்டைத் தடைசெய்து 1617ஆம் ஆண்டில் ஆணையிட்டதை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். அத்தடை நிலைக்கவில்லை. பின்வந்த ஆட்சிகள் புகையிலையை வருவாய்க்குரிய பொருளாகவே கண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மலபார், கன்னடப் பகுதிகளில் புகையிலை விற்பனையைத் தன் ஏகபோக உரிமையாக வைத்திருந்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் விளைந்த புகையிலை அவ்வேகபோகத்திற்கு அடிப்படையாக விளங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943ஆம் ஆண்டில், புகையிலையின் மீது நடுவண் ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் புகைபிடித்தலைக் கட்டுப்படுத்திய சில விதிகள் இருந்தன. 1890ஆம் ஆண்டு இரயில்வே சட்டம், உடன் பயணிப்போரின் இசைவின்றிப் பெட்டிக்குள் புகைபிடிப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பஞ்சாப் (1918), வங்காளம் (1919) ஆகிய மாகாணங்கள் சிறார் புகைபிடித்தலைத் தடுக்கச் சட்டம் இயற்றின. இவற்றின் நோக்கம் ஒழுங்கும் ஒழுக்கமும் ஆகும். பொதுச் சுகாதாரம் அவற்றின் அடிப்படையாக அமையவில்லை. புகையிலையை நோய்க்குக் காரணமான பொருளாகச் சட்டம் காணத் தொடங்கியது விடுதலைக்குப் பின்னரே. அப்போதும் அப்பார்வை எல்லாப் புகையிலைப் பொருள்களுக்கும் ஒருசேர விரியவில்லை.

பீடி: தொழிலாளர் சட்டத்தின் பொருள்

விடுதலை பெற்ற இந்தியாவில் புகையிலைப் பொருள் உற்பத்தியைப் பற்றி நாடாளுமன்றம் இயற்றிய முதன்மையான சட்டங்களுள் ஒன்று, 1966ஆம் ஆண்டுப் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் (பணி நிலைமைகள்) சட்டம். இதன் அக்கறை பீடியைப் புகைப்பவரைப் பற்றியதன்று. அதைச் சுற்றுபவரைப் பற்றியது. பீடித் தொழிலின் உற்பத்தி முறையே இச்சட்டத்தின் தேவையை உருவாக்கியது. உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடம் பீடி இலையையும் புகையிலைத் தூளையும் கொடுக்கின்றார். ஒப்பந்தக்காரர் அவற்றை வீடுகளில் உள்ள தொழிலாளரிடம் பகிர்ந்தளித்து, சுற்றிய பீடிகளைத் திரும்பப் பெறுகின்றார். தரமற்றவை என்று கழிக்கப்படும் பீடிகளுக்குக் கூலி மறுக்கப்படுவது தொழிலாளரின் நெடுநாளைய குறையாக இருந்தது. மூலப்பொருள் வழங்கல், பீடி கழிப்பு, கழிக்கப்பட்ட பீடிக்கான கூலி ஆகியவை பற்றிய பிணக்குகளைத் தீர்க்க இச்சட்டத்தின் 39ஆம் பிரிவு வழிவகுத்தது. வீட்டிலிருந்து சுற்றுவோரும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டனர். இச்சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் எதிர் இந்திய ஒன்றியம் (1974) என்ற தீர்ப்பின் வழி உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என உறுதிசெய்தது.

இதனைத் தொடர்ந்து 1976ஆம் ஆண்டில் பீடித் தொழிலாளர் நல மேல்வரிச் சட்டமும் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் இயற்றப்பட்டன. உற்பத்தியாகும் பீடியின் மீது விதிக்கப்பட்ட மேல்வரி, தொழிலாளரின் மருத்துவம், வீட்டுவசதி, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டது. திருநெல்வேலி, தென்காசி வட்டாரம் உள்ளிட்ட பீடி மையங்களில் பெண்களே பெரும்பான்மைத் தொழிலாளர் என்பதால், இந்நிதி பல குடும்பங்களை நேரடியாகச் சென்றடைந்தது. ஆனால் இவ்வமைப்பில் ஒரு முரண் உள்ளார்ந்திருந்தது. பீடியின் விற்பனை பெருகினால்தான் நல நிதியும் பெருகும். தொழிலாளியின் நலம் நுகர்வோரின் நலக்கேட்டோடு நிதி வழியாகப் பிணைக்கப்பட்டது. பிற்காலத்தில் பீடியின் மீது கட்டுப்பாடு முன்மொழியப்பட்ட ஒவ்வொரு தருணத்திலும் இம்முரண் வெளிப்பட்டது.

வரிக்கொள்கையும் இதே பார்வையைப் பின்பற்றியது. சிகரெட்டின் மீது அதன் நீளத்திற்கேற்ப உயர்ந்த ஆயத்தீர்வை விதிக்கப்பட்ட காலத்தில், பீடியின் மீதான தீர்வை மிகக் குறைவாகவே இருந்தது. ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் பீடிகளுக்கும் குறைவாக உற்பத்தி செய்வோர் கையால் சுற்றிய பீடிக்குத் தீர்வையிலிருந்து விலக்குப் பெற்றனர். சிறு உற்பத்தியாளரைக் காக்கும் நோக்கமுடைய இவ்விலக்கு, ஏழை எளியோர் மிகுதியாகப் புகைக்கும் பொருளை மலிவாகவே வைத்திருக்கவும் துணைசெய்தது.

சிகரெட்: வணிகச் சட்டத்தின் பொருள்

1975ஆம் ஆண்டு புகையிலை தொடர்பாக இரு சட்டங்களைக் கண்டது. ஒன்று புகையிலை வாரியச் சட்டம். இதன்படி 1976 ஜனவரி 1 அன்று குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு புகையிலை வாரியம் நிறுவப்பட்டது. வர்ஜீனியா புகையிலையின் சாகுபடியை முறைப்படுத்துவதும் ஏற்றுமதியை வளர்ப்பதும் அதன் பணி. மற்றொன்று சிகரெட் (உற்பத்தி, வழங்கல், பகிர்வு ஒழுங்குமுறை) சட்டம். சிகரெட் பெட்டியிலும் விளம்பரத்திலும் புகைபிடித்தல் உடல்நலத்திற்குத் தீங்கானது என்னும் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என அது விதித்தது. ஓர் இலையின் ஏற்றுமதியை வளர்க்கவும், அதிலிருந்து செய்யப்படும் பொருளைப் பற்றி எச்சரிக்கவும் ஒரே நாடாளுமன்றம் ஒரே ஆண்டில் முனைந்தது.

இரண்டாவது சட்டத்தின் பெயரே அதன் எல்லையைக் காட்டுகின்றது. அது சிகரெட்டுக்கு மட்டுமே உரியது. பீடியும் சுருட்டும் மூக்குப்பொடியும் மெல்லும் புகையிலையும் அதற்கு வெளியே நின்றன. பெட்டியாக விற்கப்படாமல் சில்லறையாக ஒன்றிரண்டாக விற்கப்பட்ட சிகரெட்டை வாங்கியோருக்கு அவ்வெச்சரிக்கை கண்ணிற்படவும் வாய்ப்பில்லை. இக்குறையை நாடாளுமன்றமே உணர்ந்தது. பத்தாவது மக்களவையின் சார்நிலைச் சட்டமியற்றல் குழு 1995 டிசம்பரில் அளித்த தன் 22ஆவது அறிக்கையில், வலுவான எச்சரிக்கைகள் எல்லாப் புகையிலைப் பொருள்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இடைப்பட்ட காலத்தில் பிற சட்டங்கள் தத்தம் வரம்பிற்குள் புகையிலையை எதிர்கொண்டன. புகையிலை கலந்த பற்பொடி, பற்பசை ஆகியவற்றின் உற்பத்தி 1992ஆம் ஆண்டில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டது. 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. பொருள் வாயில் தேய்க்கப்படும்போது அழகுசாதனமாகவும், மெல்லப்படும்போது உணவாகவும், புகைக்கப்படும்போது வணிகச் சரக்காகவும் கருதப்பட்ட நிலை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலவியது.

நீதிமன்றங்களும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும்

பிரிந்து கிடந்த இப்பார்வைகளுக்கு ஒரு பொது அடிப்படையை வழங்கியவை நீதிமன்றங்களே. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், கே. இராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்ற வழக்கில், பொது இடத்தில் புகைபிடித்தல் அருகிலிருப்போரின் வாழ்வுரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று முரளி எஸ். தேவ்ரா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் உறுப்பைச் சுட்டி, மருத்துவமனை, கல்வி நிறுவனம், நூலகம், நீதிமன்றம், பொது அலுவலகம், பொதுப் போக்குவரத்து, அரங்கம் ஆகியவற்றில் புகைபிடிப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. இத்தீர்ப்புகளில் சிகரெட், பீடி என்ற வேறுபாடு பொருளற்றதாயிற்று. புகையைச் சுவாசிப்பவரின் நிலையிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றே. தமிழ்நாடும் 2002ஆம் ஆண்டில் புகைபிடித்தல் மற்றும் எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தை இயற்றியது.

இப்பின்னணியில் 2003ஆம் ஆண்டுச் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் (2003ஆம் ஆண்டின் 34ஆம் சட்டம்) உருவாயிற்று. அதன் அட்டவணை சிகரெட், சுருட்டு வகைகள், பீடி, ஹூக்கா புகையிலை, மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, புகையிலை கலந்த பான் மசாலா, குட்கா, புகையிலை கலந்த பற்பொடி எனப் பத்து இனங்களை வரிசைப்படுத்துகின்றது. பல சட்டங்களில் சிதறியிருந்த பொருள்கள் முதன்முறையாக ஒரே பட்டியலில் இணைந்தன. 4ஆம் பிரிவு பொது இடத்தில் புகைபிடித்தலையும், 5ஆம் பிரிவு விளம்பரத்தையும், 6ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத் தொலைவிற்குள்ளும் விற்பதையும் தடைசெய்தன. 7ஆம் பிரிவு எச்சரிக்கை வாசகங்களை எல்லாப் பொருள்களுக்கும் கட்டாயமாக்கியது. 2004 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டக உடன்படிக்கைக்கும் இந்தியா ஏற்பளித்தது.

இச்சட்டத்தின் அரசமைப்பு அடித்தளம் கவனத்திற்குரியது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஆகவே நாடாளுமன்றம், புகையிலைத் தொழிலை ஒன்றியம் தன் கட்டுப்பாட்டின்கீழ்க் கொள்வது பொதுநலன் கருதி ஏற்றது என 2ஆம் பிரிவில் அறிவித்து, தொழில்கள் பற்றிய அதிகாரத்தின் வழியே இச்சட்டத்தை இயற்றியது. முகப்புரை உலக சுகாதாரப் பேரவையின் 1986, 1990ஆம் ஆண்டுத் தீர்மானங்களையும் அரசமைப்பின் 47ஆம் உறுப்பையும் சுட்டுகின்றது. நோக்கம் சுகாதாரம், கருவி தொழிற் கட்டுப்பாடு என்ற இவ்விரட்டைத் தன்மை பின்னர் எழுந்த பிணக்குகள் பலவற்றுக்கு வித்தாயிற்று.

படவழி எச்சரிக்கை: பீடி மீண்டும் வாதப்பொருளாதல்

எச்சரிக்கைப் படங்களுக்கான விதிகள் 2006ஆம் ஆண்டில் முதலில் அறிவிக்கப்பட்டன. பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2009 மே 31 அன்றே அவை நடைமுறைக்கு வந்தன. பெட்டியின் முன்பக்கத்தில் 40 விழுக்காட்டு இடத்தை அவை பெற்றன. மெல்லும் புகையிலைக்குத் தேள் உருவமே எச்சரிக்கைப் படமாயிற்று. நோயின் உண்மையான விளைவைக் காட்டாத இப்படம், இடைப்பட்ட ஆண்டுகளில் விதிகள் எந்த அளவிற்கு நெகிழ்ந்தன என்பதற்குச் சான்றாகும்.

2014 அக்டோபரில் எச்சரிக்கையின் அளவு பெட்டியின் இரு முதன்மைப் பக்கங்களிலும் 85 விழுக்காடாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் செயற்பட வேண்டிய இவ்விதியை, பதினாறாவது மக்களவையின் சார்நிலைச் சட்டமியற்றல் குழு ஒத்திவைக்கப் பரிந்துரைத்தது. 2016ஆம் ஆண்டில் அக்குழு அளவை 50 விழுக்காடாகக் குறைக்கவும் கூறியது. பீடித் தொழிலாளர், பீடி இலை சேகரிப்போர், புகையிலை உழவர் ஆகியோரின் வாழ்வாதாரம் இவ்விவாதத்தில் முதன்மையாக முன்வைக்கப்பட்டது. 1995இல் எச்சரிக்கையை எல்லாப் பொருள்களுக்கும் விரிவாக்குக என்று பரிந்துரைத்ததும், இருபதாண்டுகளுக்குப் பின் அதைச் சுருக்குக என்று பரிந்துரைத்ததும் ஒரே பெயர் கொண்ட குழுவே. அரசு 2016 ஏப்ரல் 1 முதல் 85 விழுக்காட்டு விதியை நடைமுறைப்படுத்தியது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வணிகர் நலனைவிட மக்கள் நலனுக்கு முன்னுரிமை தந்து அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இவ்விவாதத்தில் ஒரு கேள்வி விடுபட்டது. நாட்டில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் பீடித் தொழிலில் உள்ளனர் என அரசின் மதிப்பீடுகள் கூறுகின்றன. அவர்களுடைய குறைந்த கூலியும், புகையிலைத் தூளைச் சுவாசிப்பதால் வரும் உடல்நலக் கேடும் எச்சரிக்கைப் படத்தின் அளவால் உண்டானவையல்ல. சட்டக உடன்படிக்கையின் 17ஆம் உறுப்பு, புகையிலைத் தொழிலாளருக்கும் உழவருக்கும் பொருளாதார அளவில் தாக்குப்பிடிக்கும் மாற்றுத் தொழிலை ஊக்குவிக்கக் கோருகின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு எதுவுமில்லை. இவ்வெற்றிடமே தொழிலாளரின் பெயரால் கட்டுப்பாட்டை எதிர்க்கும் வாதத்திற்கு இடமளித்தது.

குட்கா: உணவுச் சட்டத்தின் பொருள்

மெல்லும் புகையிலையின் வரலாறு வேறொரு சட்டத்தின் வழியே நடந்தது. 2001 நவம்பரில் தமிழ்நாடு அரசு, உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ்க் குட்காவையும் மெல்லும் புகையிலையையும் ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்தது. பிற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2004 ஆகஸ்டில் கோதாவத் பான் மசாலா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில உணவு அதிகாரிக்கு உள்ள அதிகாரம் தற்காலிக நெருக்கடிக்கு உரியது என்றது. ஒரு பொருளை நிலையாகத் தடைசெய்வது கொள்கை முடிவாகும். அது அவ்வதிகாரிக்கு உரியதன்று எனவும் அது விளக்கியது. புகையிலைக்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டதும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டது.

அடைபட்ட வழி மீண்டும் உணவுச் சட்டத்தின் வழியாகவே திறந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011இல் வெளியான ஒழுங்குமுறைகளின் 2.3.4ஆம் விதி, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேர்க்கப்படக் கூடாது என்றது. அதே ஆண்டில், உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, நெகிழிக் கழிவு விதிகள் குட்காவை நெகிழிப் பொட்டலத்தில் விற்பதைத் தடைசெய்தன. 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசமும் 2013 மே மாதத்தில் தமிழ்நாடும் உள்ளிட்டுப் பல மாநிலங்கள் தடை விதித்தன.

ஆனால் சட்டத்தின் 30ஆம் பிரிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஓராண்டிற்கு மேற்படாத தடையையே விதிக்க அதிகாரமளிக்கின்றது. எனவே ஆண்டுதோறும் புதிய அறிவிக்கை வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. உற்பத்தியாளர்கள் பான் மசாலாவையும் புகையிலையையும் தனித்தனிப் பொட்டலங்களாக இணைத்து விற்றனர். கலக்கும் வேலை தொழிற்சாலையிலிருந்து நுகர்வோர் கைக்கு மாறியது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தற்காலிக அதிகாரத்தைத் தொடர்ந்து பயன்படுத்தி நிலையான தடையை உருவாக்குவது சட்ட வரம்பை மீறுவதாகும் எனத் தமிழ்நாட்டு அறிவிக்கையைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2004இல் எழுந்த அதே கேள்வி ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் மீண்டும் நீதிமன்றத்தில் நின்றது.

இதற்கு மாறாக, மின்சிகரெட்டை நாடாளுமன்றம் 2019ஆம் ஆண்டில் தனிச் சட்டத்தால் முழுமையாகத் தடைசெய்தது. அதனை நம்பி வாழும் உழவரோ தொழிலாளரோ பெருந்தொகையினராக நாட்டில் இல்லை. ஒரு பொருளின் தீங்கைப் போலவே அதன் பின்னுள்ள பொருளாதாரமும் தடையின் வடிவைத் தீர்மானிக்கின்றது என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

நுகர்வும் வரியும்

உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 2009-10இல் 34.6 விழுக்காடாக இருந்த புகையிலைப் பயன்பாடு 2016-17இல் 28.6 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டாம் கணக்கெடுப்பில் வயதுவந்தோருள் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையையும், 7.7 விழுக்காட்டினர் பீடியையும், 4.0 விழுக்காட்டினர் சிகரெட்டையும் பயன்படுத்தியவர்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டம் தன் முழுக் கவனத்தையும் செலுத்திய பொருளே இம்மூன்றில் மிகக் குறைவாகப் பயன்படுவது என்பது தெளிவாகின்றது.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது சிகரெட்டுக்கும் பீடிக்கும் 28 விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டது. இழப்பீட்டு மேல்வரியிலிருந்து பீடி விலக்கப்பட்டது. அதே மாற்றத்தின்போது பீடித் தொழிலாளர் நல மேல்வரி நீக்கப்பட்டு, நல நிதி தன் நேரடி வருவாய் மூலத்தை இழந்தது. 2025 செப்டம்பரில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், பிற புகையிலைப் பொருள்களுக்கு 40 விழுக்காட்டையும் பீடிக்கு 18 விழுக்காட்டையும் பரிந்துரைத்தது. தொழிலாளரின் பெயரால் பீடிக்கு வரிச்சலுகை தொடர்கின்றது; தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்ட மேல்வரி மட்டும் இல்லாமற் போயிற்று.

முடிவுரை

இந்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டின் வரலாறு, ஒரு பொருளைச் சட்டம் எப்பெயரால் அழைக்கின்றது என்பதன் வரலாறாகவும் அமைகின்றது. தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுபவரைக் கண்டது, புகைப்பவரைக் காணவில்லை. வணிகச் சட்டம் சிகரெட்டைக் கண்டது. பெரும்பாலோர் பயன்படுத்தும் பொருளைக் காணவில்லை. உணவுச் சட்டம் குட்காவைத் தடுத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தடையாகவே தடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை இவற்றை ஒன்றாக்கினாலும், வரி, தொழிலாளர் நலம், தடை அதிகாரம் ஆகியன பழைய பிரிவுகளின்படியே இயங்குகின்றன.

பீடி சுற்றும் பெண்ணும் பீடி புகைக்கும் கூலித் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே வருவாய்ப் பிரிவினர். பல இடங்களில் ஒரே குடும்பத்தினர். அவர்களுள் ஒருவரின் நலத்தை மற்றவரின் நலத்திற்கு எதிராக நிறுத்தும் நிலை, தனித்தனியே இயற்றப்பட்ட சட்டங்களின் விளைவு. மாற்று வாழ்வாதாரத்திற்கான சட்டப்பூர்வக் கடமை கட்டுப்பாட்டுச் சட்டத்தினுள்ளேயே இடம்பெறும்போதுதான் இப்பிளவு நீங்க வழியுண்டு. அதுவரை ஒவ்வொரு புதிய விதியும் அதே பழைய வாதத்தையே மீண்டும் எதிர்கொள்ள நேரும்.